முடக்குவாதத்தோட வேலைக்குப் போறவங்களுக்கு: அசதியையும் ஃப்ளேரையும் சமாளிக்கிற முழு வழிகாட்டி

காரைக்குடியில ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதுறேன், தினமும் பள்ளத்தூர்ல இருந்து பஸ்ல வந்து போறது. எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், நம்ம பக்கம் முடக்குவாதம்னு சொல்றது, டாக்டர் பேர் சொல்லி ஒன்பது வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, சிக்குன்குனியா வந்த மிச்சம், வாயு, ரத்தம் கம்மி, புள்ள பெத்த ஒடம்புன்னு. இத்தனை வருஷத்துல வலி கூட பழகிருச்சு, பழகாதது அசதி தான். வலின்னா வீங்குன வெரலைக் காட்டலாம், அசதிக்கு எதைக் காட்டி நம்ப வைக்கிறது? "நேத்து நல்லாத்தானே இருந்தே"ங்கிற ஒரு கேள்வி என்னைய அழ வச்ச மாதிரி வேற எதுவும் அழ வைக்கலை.

அந்தக் கேள்வியைக் கேக்குற எல்லாருக்காகவும், அதைவிட அந்தக் கேள்வியைக் காதுல வாங்கிட்டு பஸ்ல ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு வர்றவங்களுக்காகவும் இதை எழுதுறேன். லூபஸ், சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ், முதுகு விறைச்சுப்போற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், குடல்ல வர்ற கிரோன்ஸ் மாதிரி மத்த அழற்சி நோய் இருக்குறவங்களுக்கும் அசதி, ஃப்ளேர், வேலை இந்தப் பகுதியெல்லாம் பெரும்பாலும் ஒத்து வரும், மருந்துப் பகுதி மட்டும் முடக்குவாதத்துக்கு. ஃப்ளேர்னு நான் சொல்றது அடங்கியிருந்த நோய் திரும்பக் கிளம்புறதை. மருந்து மாத்துறது கூட்டுறது குறைக்கிறது எல்லாம் உங்க டாக்டர் வேலை, நான் எழுதுறது மருந்துக்கு வெளியில மிச்சமிருக்குற 23 மணி நேரத்தைப் பத்தி.

மொதல்ல: இந்த அசதி என்னன்னு தெரிஞ்சுக்கங்க

கிருமியை அடிக்க வேண்டிய நம்ம ஒடம்போட பாதுகாப்புப் படை மூட்டுக்குள்ள இருக்குற மெல்லிய சவ்வையே எதிரின்னு நெனச்சு அடிக்குது, அது தான் இந்த நோய். அந்த சண்டையில சைட்டோகைன்னு சொல்ற ரசாயனச் சமிக்ஞைகள் ரத்தத்துல ஓடுது, டிஎன்எஃப், இன்டர்லூக்கின் 6 இதெல்லாம் அதுல முக்கியமானது. நல்ல காய்ச்சல் வந்தா எந்திரிக்கவே மனசு வராம ஒடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி கெடக்கோம்ல, அதுக்குக் காரணமும் இதே சமிக்ஞைகள் தான். அதாவது காய்ச்சல் இல்லாமலே காய்ச்சக்காரி மாதிரி நாம வேலைக்குப் போயிட்டு வர்றோம். அதுனால தான் ஒரு ராத்திரி நல்லா தூங்குனா இது சரியாகாது. சோம்பேறித்தனம் இல்லை, மனசு பலவீனம் இல்லை.

ஆனா அசதி முழுசும் நோயால தான்னு முடிவு கட்டிறாதீங்க, இங்க தான் நெறைய பேர் ஏமாறுறோம். ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி, பி12, சர்க்கரை இதெல்லாம் பாத்தீங்களான்னு டாக்டர்கிட்ட வாய் தொறந்து கேளுங்க. எனக்கு ரெண்டு வருஷமா "நோய் தான்"னு ஓட்டிட்டு இருந்ததுல பாதி ரத்தசோகை. ராத்திரி வலியில முழிச்சு முழிச்சுப் படுக்குறது, ஸ்டீராய்டு மாத்திரையை சாயங்காலம் போட்டு தூக்கம் கெடுறது, மனசு சோர்ந்து போறது, இதெல்லாம் கூட அசதிக்குக் காரணம் தான், இதுக்கெல்லாம் வழி இருக்கு. இன்னொண்ணு, ஒடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டுற ரத்த டெஸ்ட் இஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் நார்மல்னு ரிப்போர்ட் வந்தாலும் அசதி இருக்கலாம், அப்ப ரிப்போர்ட்டைக் காட்டி யாரும் உங்களைப் பொய்க்காரி ஆக்க விடாதீங்க.

ரெண்டாவது: பேரேடு போடுங்க

இது தான் இந்த வழிகாட்டியிலயே நான் அடிச்சுச் சொல்ற விஷயம். நம்ம ஊர்ல பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போன காலத்துலயே வரவு பற்று பேரேடு ஐந்தொகைன்னு காலணா விடாம எழுதுனவங்க, கையில இருக்குறது எவ்வளவுன்னு தெரியாம யாரும் கடன் குடுக்க மாட்டாங்க. நாம மட்டும் ஒடம்புல என்ன இருப்புன்னு பாக்காம செலவு பண்ணிட்டு இருக்கோம்.

ஒரு சின்ன நோட்டு போதும், ரெண்டு வாரம். காலையில எந்திரிச்சதும் மூணு விஷயம் எழுதுங்க: எத்தனை மணி நேரம் தூங்குனேன், விறைப்பு எத்தனை நிமிஷத்துல விட்டுச்சு, இப்ப ஒடம்புல இருக்குற தெம்புக்கு பத்துக்கு எத்தனை மார்க். அப்புறம் நாள் முழுக்க என்ன செஞ்சோம், எதுக்குப் பின்னாடி சரிஞ்சோம். ராத்திரி திரும்ப ஒரு மார்க். பெரிய வேலையை மட்டும் எழுதாதீங்க, பஸ்ல நின்னுட்டு வந்தது, மாடிப்படி, அயித்தைகூட வாக்குவாதம், வெயில்ல பேங்க்ல நின்னது எல்லாம் எழுதுங்க, ஏன்னா மனசு படுற பாடும் அதே இருப்புல இருந்து தான் போகுது.

எனக்கு ரெண்டு வாரத்துல தெரிஞ்சது இது. கணக்கு எழுதுறது என்னைய அவ்வளவா சாய்க்கலை. சாய்ச்சது, காலையில வளவு, அதாவது வீட்டு உள்முற்றம், முழுக்கக் குனிஞ்சு கூட்டுறது, தரையில ஒக்காந்து அரிவாள்மனையில காய் அரியுறது, பஸ்ல நின்னுக்கிட்டே கம்பியைப் பிடிக்கிறது. மூணும் சேந்து கடை தொறக்குறதுக்குள்ளயே பாதி இருப்பு காலி. அடுத்தது இதைவிட முக்கியம்: விழுந்த நாளுக்குக் காரணம் அன்னைக்கு இல்லை, ஒரு நாள் ரெண்டு நாள் முன்னாடி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஒடம்பு தெம்பா இருக்கேன்னு துணி தொவைச்சு, பரணை ஒதுங்க வச்சு, ஒரு வீட்டு விசேஷத்துக்கும் போயிட்டு வந்தா செவ்வாய்க்கிழமை எந்திரிக்க முடியாது. அந்த செவ்வாய்க்கிழமையை நாம நோய் கணக்குல எழுதுறோம், அது ஞாயித்துக்கிழமை கணக்கு.

அதுனால, கெட்ட நாள்ல எப்படியும் நாம படுத்துருவோம், கவனமா இருக்க வேண்டியது நல்ல நாள்ல தான். நல்ல நாள்ல தெம்பு எட்டு மார்க்னா அஞ்சுக்கு மட்டும் வேலை போடுங்க. சும்மா இருக்கேனேன்னு கை பரபரக்கும், ஆறு மாசமா குமிஞ்சு கெடக்குற வேலை எல்லாம் கூப்பிடும், விடுங்க. அசந்து போனதுக்கு அப்புறம் எடுக்குற ரெஸ்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், அசறதுக்கு முன்னாடி எடுத்தா பத்து நிமிஷம் போதும்.

மூணாவது: காலை நேரம்

காலை விறைப்பு நமக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல கூட நிக்கும், அதை மறந்துட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கு எந்திரிச்சா நாள் முழுக்க ஓட்டம் தான். நான் அஞ்சரைக்கு எந்திரிக்கிறேன், எந்திரிச்ச ஒடனே வேலை பாக்குறதுக்கு இல்லை, விறைப்பு விடுறதுக்கு. படுக்கையிலயே கணுக்கால், மணிக்கட்டு, தோள் மெதுவா சுத்தி விடுறது, அப்புறம் ஒரு குண்டான்ல கை பொறுக்குற சூட்டுல தண்ணி ஊத்தி ரெண்டு கையையும் பத்து நிமிஷம் முக்கி விரலை மூடித் திறக்குறது. குளிக்கிறதும் வெந்நீர் தான், சித்திரை வெயில்லயும். ராத்திரியே காய் அரிஞ்சு வச்சு, சேலை எடுத்து வச்சு, பையைக் கட்டி வச்சுருங்க.

நம்ம பக்கத்து பெரிய வீடுகள்ல இருக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கட்டுல இருந்து அடுத்த கட்டுக்குப் போகவே நடை, ஒவ்வொரு வாசல்லயும் ஒசந்த நிலைப்படி, கீழ ஆத்தங்குடி கல்லு. அந்தத் தரை வெயில் காலத்துக்கு சொகம், மார்கழி மாசம் காலையில பாதத்துல படுறப்ப உசிர் போகும். வீட்டுக்குள்ள போட மட்டும்னு மெத்துன்னு ஒரு செருப்பு வாங்குங்க. எங்க அயித்தை "வீட்டுக்குள்ள செருப்பா"ன்னு மொகம் சுளிச்சாக, டாக்டரே சொல்லிட்டாருன்னு சொன்னதும் விட்டுட்டாக. படுக்கையை பாத்ரூமுக்குப் பக்கத்துக் கட்டுக்கு மாத்துங்க, வெஸ்டர்ன் டாய்லெட் ஒண்ணாவது போடுங்க, காய் அரிய மேடை உயரத்துல கத்தியும் பலகையும். மூட்டைப் பாதுகாக்குறதுல ஒரே சட்டம் தான்: சின்ன மூட்டு செய்யுறதைப் பெரிய மூட்டுக்கு மாத்துங்க. பையை வெரல்ல தூக்காம தோள்லயோ முழங்கையிலயோ, சட்டியை ஒத்தைக் கையால காதைப் பிடிச்சுத் தூக்காம ரெண்டு உள்ளங்கையாலயும், தேங்குழல் பிழியணும்னா அமுக்குற உழக்கு வேண்டாம், திருகுற அச்சைக் கூட வேற யாரையாவது திருகச் சொல்லுங்க.

நாலாவது: வேலை பாக்குற எடத்துல

உங்க பேரேட்டைப் பாத்தா எந்த நேரம் மூளையும் கையும் நல்லா ஓடுதுன்னு தெரியும். எனக்கு பத்தரையில இருந்து ஒரு மணி வரைக்கும். கஷ்டமான வேலை எல்லாம் அந்த நேரத்துக்குள்ள, பில் அடுக்குறது, போன் பேசுறது, ஃபைல் பாக்குறது எல்லாம் மத்தியானம். முன்னாடி தலைகீழா பண்ணிட்டு இருந்தேன், காலையில சில்லறை வேலையை முடிச்சுட்டு நிம்மதியா கணக்குல ஒக்காருவோம்னு, மூணு மணிக்கு ஒக்காந்தா கூட்டலே தப்பாகும். மூளை மந்தமாகுறதும் இந்த நோயோட அசதியில ஒரு பங்கு தான், அப்ப எழுதுன கணக்கை மறுநாள் காலையில ஒருதரம் சரிபாருங்க.

மாசத்துல நெருக்கடி எப்ப வரும்னும் முன்கூட்டியே தெரியும்ல. எங்க வேலையில மாசாமாசம் ஜிஎஸ்டி போடுற கடைகளுக்கு 11-ம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-ம் தேதிக்குள்ள 3பி ரிட்டர்ன். பத்தாம் தேதி ராத்திரி வரைக்கும் ஒக்காந்து போட்டா பன்னெண்டாம் தேதி வெரல் வீங்கும், இது எனக்கு ஜாதகம் மாதிரி. இப்ப தினமும் அன்னன்னைக்கு பில்லை அன்னைக்கே ஏத்திருவேன், ஏழாம் தேதிக்குள்ள முடிஞ்சுரும், அந்த வாரம் எந்த விசேஷத்துக்கும் வர்றேன்னு வாக்கு குடுக்குறது இல்லை. வாத்தியாரா இருந்தா பரீட்சைத் தாள் திருத்துற வாரம், துணிக்கடைன்னா தீபாவளி, உங்களுக்கு எதுன்னு காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க.

சின்னச் சின்ன விஷயம்: பேனாவுல துணியோ ரப்பரோ சுத்தி தடியாக்குங்க, தடி பேனாவைப் பிடிக்க வெரல் கம்மியா அழுந்தும். அரை மணி நேரத்துக்கு ஒருதரம் எந்திரிச்சு நாலு எட்டு நடங்க, ஒக்காந்தே இருந்தா விறைச்சுக்கும், நின்னுக்கிட்டே இருந்தாலும் அப்படித்தான். நாற்காலி தாழ்வா இருந்தா மேல ஒரு கெட்டி தலகாணி. மத்தியானம் சாப்பிட்டு பதினஞ்சு நிமிஷம் கண்ணை மூடி சாஞ்சிருங்க, குடோன்ல ஒரு மூலை கெடைச்சாக் கூட போதும்.

அஞ்சாவது: முதலாளிகிட்ட சொல்றது

சொல்லலாமா வேணாமான்னு நான் மூணு வருஷம் யோசிச்சேன். சொல்லாம மறைச்சதுக்கே தனியா தெம்பு செலவாச்சு. ஒரு எடத்துல சொன்னதுக்கு அப்புறம் என் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா வேற ஆளுக்கு மாத்துனாங்க, அதுவும் நடந்துருக்கு, அதுனால எல்லாரும் சொல்லியே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன். சொல்றதா இருந்தா ஃப்ளேர் வந்து வீங்கிக் கெடக்குற அன்னைக்குச் சொல்லாதீங்க, நல்லா இருக்குற ஒரு நாள்ல, கடை கூட்டம் இல்லாத நேரத்துல சொல்லுங்க. நோய் கதை முழுசும் வேண்டாம், மூணு விஷயம் போதும்: என்ன நோய், வேலையில அது எங்க இடிக்கும், அதுக்கு நீங்க கேக்குறது என்ன.

நான் சொன்னது இப்படி: "அண்ணே, எனக்கு மூட்டுல நாள்பட்ட நோய், மருந்து சாப்பிடுறேன், கட்டுக்குள்ள இருக்கு. வருஷத்துல நாலஞ்சு தடவை கிளம்பும், அப்ப ரெண்டு மூணு நாள் லேட்டா வருவேன், இல்லைன்னா வீட்டுல இருந்து கணக்கைப் போட்டுத் தந்துருவேன். கணக்கு ஒரு நாளும் தள்ளிப்போகாது. எனக்கு வேண்டியது காலையில அரை மணி நேரம் தள்ளி வர்றது, கட்டுக்கட்டா கணக்கு நோட்டு தூக்குறதுக்கு தம்பி ஒதவிக்கு." என்ன வேணும்னு திட்டமா கேட்டா ஆளுக பயப்பட மாட்டாங்க, "ஒடம்பு சரியில்லை"ன்னு மொட்டையா சொன்னா தான் இந்தம்மாவை நம்பலாமான்னு தோணும்.

சட்டத்துல நமக்கு என்ன இருக்குன்னும் தெரிஞ்சு வைங்க. தமிழ்நாட்டுல கடை ஊழியர்கள் ஒக்காரதுக்கு எடம் குடுக்கணும்னு 2021-ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல திருத்தமே வந்தாச்சு, துணிக்கடையில நாள் முழுக்க நிக்கிற புள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். சம்பளம் மாசம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்து, கடை ஈஎஸ்ஐ-ல (தொழிலாளர் அரசு காப்பீடு) பதிவாகி இருந்தா சிகிச்சையும் உண்டு, தகுதி நாள் கணக்கு இருந்தா நோய் விடுப்புக்கு சம்பளத்துல 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கெடைக்கும், உங்க பே ஸ்லிப்ல பிடிக்கிறாங்களான்னு பாருங்க. மூட்டு கோணி இயக்கம் நிரந்தரமா குறைஞ்சிருந்தா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குள்ள வர வாய்ப்பு இருக்கு, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ சான்று கெடைச்சா நெறைய சலுகை அதை வச்சுத் தான்.

ஆறாவது: மருந்தை வேலையோட பொருத்துறது

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுறவங்க இதை ரெண்டு தடவை படிங்க: அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் போட்டா உசிருக்கே ஆபத்து. எந்தக் கிழமைன்னு அட்டையில கொட்டை எழுத்துல எழுதி வைங்க, வீட்டுல மருந்து எடுத்துக் குடுக்குற புள்ளைகளுக்கும் சொல்லி வைங்க. போட்ட மறுநாள் பலருக்கு குமட்டலும் அசதியும் இருக்கும், அதுனால டாக்டரைக் கேட்டுட்டு நான் சனிக்கிழமை ராத்திரிக்கு மாத்திக்கிட்டேன், ஞாயித்துக்கிழமை லீவு. கூட ஃபோலிக் ஆசிட், அவர் சொன்ன நாள்ல. ரத்தம், ஈரல், கிட்னி டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க. கல்யாணமான புள்ளைக, கொழந்தைக்கு நெனைக்கிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க, கர்ப்பத்துல இந்த மருந்து கூடவே கூடாது. வேற எதுக்காவது போற எடத்துலயும் இதைச் சொல்லணும், மூத்திரக் கடுப்புக்குன்னு குடுக்குற கோ-ட்ரைமாக்சசோல் இதோட சேந்தா ரத்த அணுக்களையே விழுத்தாட்டிரும்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் சாப்பிட்டா கண்ணு செக்கப். ஸ்டீராய்டு நாள்கணக்கா சாப்பிட்டா நம்மளா திடீர்னு நிறுத்தக் கூடாது. பயலாஜிக்ஸ்னு சொல்ற ஊசி மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட் எடுப்பாங்க, தடுப்பூசி எது போடலாம்னும் அப்பவே கேட்டுக்கங்க. இந்த மருந்துகள்ல பலது வேலை செய்ய ஆறு வாரத்துல இருந்து பன்னெண்டு வாரம் ஆகும், மூணாவது வாரமே கேக்கலைன்னு விட்டுறாதீங்க.

பேர் இல்லாத பொடி, டப்பாவுல லேபிள் இல்லாத உருண்டை, இதை எவ்வளவு வேண்டியவங்க குடுத்தாலும் வேண்டாம். ரெண்டே நாள்ல வீக்கம் வத்துதுன்னா உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அப்படிப் பிடிபட்டது எத்தனையோ. முடக்கத்தான் தோசை சாப்பிடுங்க, நல்ல கீரை, அதை நம்பி மாத்திரையை மட்டும் விடாதீங்க.

மூட்டு டாக்டரைப் பாக்க நம்மள்ல பலபேரு மதுரைக்கோ திருச்சிக்கோ போறோம், போக வர ஒரு நாள் முழுசா போகும், அந்த நாளே ஒடம்பை அடிச்சுரும். மறுநாளும் லீவு சொல்லிட்டுப் போங்க. பேரேட்டுல இருந்து ஒரு பக்கம் சுருக்கம் எழுதிட்டுப் போனா அஞ்சு நிமிஷத்துல அவருக்கு எல்லாம் புரியும்.

ஏழாவது: ஃப்ளேர் வந்துருச்சு, இப்ப என்ன

நல்லா இருக்குறப்பவே டாக்டர்கிட்ட "கிளம்புனா நான் என்ன பண்ணணும், எந்த மாத்திரை எத்தனை நாள், எப்ப உங்களைக் கூப்பிடணும்"னு எழுதி வாங்கி பீரோ கதவுல ஒட்டி வைங்க. அந்த நேரத்துல யோசிக்கத் தெம்பு இருக்காது.

எனக்கு முன்னாடியே தெரியுற அறிகுறி மூணு: காலை விறைப்பு இருபது நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரம் ஆகுறது, மோதிரம் இறுகுறது, சாயங்காலம் காரணமே இல்லாம அழுகை வர்றது. அதுல ரெண்டு சேந்து வந்தா அன்னைக்கே வேலையைப் பாதியாக்கிருவேன், கடையிலயும் சொல்லிருவேன், மறுநாள் வரைக்கும் பொறுத்துப் பாக்குறது இல்லை.

மொத நாள், கொதிக்கிற மூட்டுக்கு துணியில சுத்துன ஐஸ் பத்துப் பதினஞ்சு நிமிஷம், விறைச்ச மூட்டுக்கு ஒத்தடம். டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரை, வெறும் வயித்துல வலி மாத்திரை கூடாது, ரெண்டு வலி மாத்திரையைச் சேத்துப் போடவும் கூடாது. மணிக்கட்டுக்கு ஸ்ப்ளின்ட், அதாவது அசையாம தாங்கிப் பிடிக்கிற பட்டை. ஆனா நாள் முழுக்க கட்டிப்போட்ட மாதிரி படுக்காதீங்க, ரெண்டு மூணு தடவை எல்லா மூட்டையும் வலி தாங்குற அளவுக்கு மெதுவா அசைச்சு விடுங்க. சமையல் அன்னைக்கு கஞ்சி, ரசம், கடையில வாங்குற இட்லி, குத்த உணர்ச்சி வேண்டாம். மூணு நாள்ல எறங்கலைன்னா டாக்டருக்குப் போன்.

காத்திருக்கவே கூடாதது: ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீர்னு செவந்து கொதிச்சு கூட காய்ச்சல், அது ஃப்ளேர் இல்லாம மூட்டுக்குள்ள கிருமியா இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டோ பயலாஜிக்ஸோ எடுக்குறப்ப காய்ச்சல், மூச்சு வாங்குறது, விடாத வறட்டு இருமல், வாய் முழுக்கப் புண்ணு. வலி மாத்திரை சாப்பிடுறப்ப கறுப்பா மலம் போறது. கண்ணு செவந்து வலிக்கிறது. இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

எட்டாவது: வீடும் விசேஷமும்

நம்ம பக்கம் ஒரு கல்யாணம்னா ஒரு நாளோட முடியுதா, பலகாரம் சுடுறதுல இருந்து சாமான் பரப்புறது வரைக்கும் பொம்பளைக கை தான். வர முடியாதுன்னு சொல்றதை விட எதுக்கு வருவேன்னு சொல்லுங்க. நான் இப்ப மொய் நோட்டு எழுதுறதுக்கு ஒக்காந்துருவேன், கை வலிச்சா சின்னப் புள்ளையை எழுதச் சொல்லி நான் பாத்துக்குவேன், யாருக்கும் வருத்தம் இல்லை, நானும் ஒதுங்கலை. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்க முடியாம போனது எனக்குப் பெரிய துக்கம். இப்ப சாயங்காலம் இருபது நிமிஷம் கோயில் வரைக்கும் நடக்குறேன், அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு வாரத்துக்கு ரெண்டு நிமிஷமா கூட்டுனது. சொல்ற அளவுக்கு நடந்தா அசதியே குறையுது, இது எனக்கு நம்பவே முடியாம இருந்துச்சு. பிசியோதெரபிக்கு வெளியில போக முடியாதவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்திக் கேளுங்க, 2021-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறதும் சேத்தி.

வீட்டு ஆம்பளைகளுக்கு: "ரெஸ்ட் எடு"ன்னு சொல்லிட்டு சோத்துக்கு ஒக்காராதீங்க. தண்ணிக் கொடத்தைத் தூக்கி வைங்க, குக்கர் மூடியைத் தெறந்து குடுங்க.

ஒன்பதாவது: திரும்ப வேலைக்கு

வீக்கம் வத்துன மறுநாளே விட்ட வேலையை எல்லாம் பிடிக்கணும்னு தோணும், அடுத்த ஃப்ளேர் அங்க இருந்து தான் கிளம்பும். மொத ரெண்டு நாள் பாதி வேலை, முடிஞ்சா பாதி நேரம். விட்ட வேலையில எது இந்த வாரமே முடியணும்னு முதலாளிகிட்டயே கேட்டு ரெண்டே ரெண்டை எடுங்க. வீட்டு வேலையை அந்த வாரம் பழைய நெலைக்குக் கொண்டு வராதீங்க, கடையும் வீடும் ஒண்ணா ஏறக் கூடாது. மூணாம் நாள் காலையில நோட்டைத் தொறந்து விறைப்பு எத்தனை நிமிஷம்னு பாருங்க. மொத நாளை விடக் குறைஞ்சிருந்தா மூணாவது வேலையை எடுக்கலாம், கூடியிருந்தா அன்னைக்கும் பாதி நாள் தான்.